இரவல் துடிப்பு

"சட்டையைக் கழட்டு மாப்ளே. யாராவது துணி குடுக்க வந்துடப் போறாங்க."

தையல் கடையின் பின்னறை. ஸ்கூல் பஸ் டிரைவர் தன் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூடவே ரோமமும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கடைக்காரன் அவருடைய மச்சினன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி தயங்கி நின்றான்.

"மாமா, இது டாக்டர் உங்களுக்குக் குடுத்த மெஷின்."

"நெஞ்சு யாருதுன்னு மெஷினுக்குத் தெரியவா போகுது?"

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு காலையில் பல் விளக்கும்போது டிரைவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. லேசான பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் எதனால் வந்தது என்று மட்டும் பிடிபடவில்லை.

"இதயம் சில நேரம் தாளம் தப்பித் துடிக்கும். அப்ப உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம்தான்," என்றார் டாக்டரம்மா. "நாங்க ஈசிஜி எடுக்கும்போது அது நல்ல பிள்ளை மாதிரி நடிச்சிடும். அதனால இந்தப் பெட்டியை ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டே இருங்க. குளிச்சதும் புது ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க. எல்லாத் துடிப்பையும் இது பதிவு பண்ணிடும். கோளாறு ஒண்ணும் இல்லேன்னா பஸ் ஓட்டறதைப் பத்திப் பேசலாம்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் டிரைவர் காதில் ஏறியது.

"வீட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் மாப்ளே. உங்க அக்கா அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறா. என்ன ஆனாலும் சரி, அடுத்த மாசம் நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சாகணும்."

"பஸ்ஸுல பிள்ளைங்க இருக்காங்களே மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன். புதுசா வந்திருக்கிறவன் பிரேக்கை மிதிக்கிறானா, உதைக்கிறானான்னே தெரியலை. பிள்ளைங்க மண்டை சீட்டுல இடிக்குதாம்."

தன் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டார்.

மச்சினன் வாயில்லாப் பூச்சி. தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து அவனை ஆளாக்கியவர் மாமாதான். அந்த நன்றிக்காக இப்படியா? கூடாது என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லக் கூடாதா? சொல்லவில்லை. பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு வாரமும் பெட்டி அவன் சட்டைக்குள்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கிற அன்று மட்டும் டிரைவர் கைக்கு வந்தது.

ரிசல்ட் பார்க்கப் போனபோது மச்சினனும் துணைக்கு வந்தான். அவனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

"நாங்க சந்தேகப்பட்டது சரிதான்," என்றார் டாக்டரம்மா. "தாளம் தப்புது. ஒரு தடவை இல்லை, பல தடவை."

டிரைவருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அது யாருடைய நெஞ்சு என்பது அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"இதை இப்படியே விட்டா என்னாகும்?"

"பக்கவாதம் வரலாம். போன தடவை மாதிரி லேசா விட்டுடும்னு சொல்ல முடியாது. மாத்திரை எழுதறேன், இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. பஸ் இப்போதைக்கு வேண்டாம்."

சீட்டை வாங்கி நைசாக மச்சினனிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் புத்தி குறுக்கே ஓடியது. எந்த மருந்து எந்த உடம்புக்கு ஆகும் என்று யார் கண்டது? அவன் உயிரில் விளையாட அவருக்கு மனசு வரவில்லை. எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, அது என் நெஞ்சு இல்லை."

ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா பேனாவைப் படாரென்று மேசையில் வைத்தார்.

"என்னை அப்புறம் திட்டுங்க. வேலை போனாலும் போகட்டும், பஸ் ஓட்ட மாட்டேன்னு நானே ஸ்கூல்ல எழுதிக் குடுத்துடறேன். முதல்ல அவனைப் பாருங்க. என் பேச்சை நம்பினவன்மா அவன். அவனுக்கு ஒண்ணுன்னா நான் உயிரோட இருக்கிறதுல அர்த்தமே இல்லை."

வராந்தாவுக்கு ஓடி மச்சினனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"பயப்படாதே மாப்ளே. உன் நெஞ்சுல ஏதோ கோளாறாம். மாத்திரையிலேயே கட்டுப்படுத்திடலாமாம். நான் இருக்கேன்."

மச்சினன் பயப்படவில்லை. நிதானமாக உட்கார்ந்தான்.

"அது பழைய கோளாறு டாக்டர். போன வருஷமே வேற ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சுட்டாங்க. மாத்திரையும் தவறாம போட்டுக்கிட்டிருக்கேன். அக்கா அழுது ஊரைக் கூட்டிடும்னு வீட்டுல சொல்லலை."

டிரைவர் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"தெரிஞ்சேவாடா பெட்டியை மாட்டிக்கிட்டே?"

"வேற என்ன பண்றது மாமா? நான் முடியாதுன்னிருந்தா, நல்ல நெஞ்சா பார்த்து வேற ஒருத்தனைப் பிடிச்சிருப்பீங்க."

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினான்.

"இவரு தனக்கு ஒண்ணுன்னா வாயே திறக்க மாட்டாரு டாக்டர். எனக்கு ஒண்ணுன்னா திறந்துடுவாருன்னு தெரியும்."