எண்ணெய்க் கை

கஜபதி தன் லேத் மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்ததை அவன் மனைவி வேம்புலி ஷெட் வாசலில் நின்று பார்த்தாள்.

மோதிர விரலால் தொட்டு, ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒரு பொட்டு. பொட்டு கொஞ்சம் கோணிவிட்டால் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறான். எண்ணெய்க் கேனைக்கூட விடவில்லை, அதற்கும் குங்குமம். அடேயப்பா, இந்தக் கைக்கு இவ்வளவு பதம் தெரியுமா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் இடுப்பில் பதின்மூன்று மாதக் குழந்தை. இந்தப் பதின்மூன்று மாதத்தில் அந்தக் கை ஒரு தரம்கூடப் பிள்ளையைத் தூக்கியதில்லை.

"கையெல்லாம் ஆயிலு. கொயந்தைக்கு ஆவாது." தினமும் இதே பாட்டுத்தான்.

வேலை விட்டு வந்ததும் அதுதான். குளித்துத் தலை சீவிய பிறகும் அதுதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் பிள்ளை மூன்று நாள் காய்ச்சலில் அனத்தியபோது, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் தோசைக் கரண்டியுமாக அவள் அடுப்படியில் நின்றாள். அவன் அந்த எண்ணெய்க் கையாலேயே தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். தோசைக்கு மட்டும் ஆகும் போலிருக்கிறது.

அன்றைக்குத்தான் அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். சண்டை போட்டால் லைன் வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதெல்லாம் அவளுக்குப் போதாது. எவர் முன்னால் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறானோ, அவர்கள் முன்னால் அவன் மூஞ்சி தொங்க வேண்டும்.

அதற்கு வருஷத்தில் ஒரே நாள்தான் இருந்தது. ஆயுத பூஜை அன்றைக்குத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனிக் கேட்டைப் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவார்கள். மெஷின் ஓடாது. அன்று மட்டும் யார் கையிலும் எண்ணெய் இருக்காது.

அதனால்தான் பிள்ளைக்குப் பவுடர் பூசி, மையிட்டு, திருமுல்லைவாயிலில் ரயிலேறித் தூக்கி வந்திருந்தாள்.

பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. பொரி கடலைப் பொட்டலம் கைக்குக் கை போனது. ஃபோர்மேன் திருவேங்கடம் ஒவ்வொரு மெஷினாக நின்று, குடும்பத்தை விசாரித்துக்கொண்டே வந்தார்.

அவரைப் பார்த்ததும் கஜபதிக்கு எங்கிருந்துதான் பாசம் பொங்கியதோ, வேம்புலியின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி, தன் புது டெரிகாட்டன் சட்டையோடு அணைத்துக்கொண்டான். அணைப்பா அது? நிறைகுடத்தை ஏந்துகிறவன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றான்.

"ஊட்டுக்குப் போனா என்ன உடவே உடாது சார்," என்றான்.

வேம்புலி பொரியில் ஒரு பொட்டுக்கடலையைத் தேடி எடுத்து மென்றாள்.

திருவேங்கடம் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "எங்க, நைனா சொல்லு பாப்பம்."

குழந்தை அவன் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தது. மீசையைப் பார்த்தது. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, அவனைக் கை நீட்டிக் காட்டிக் கேட்டது.

"ஆரு?"

பக்கத்து மெஷின் எத்திராஜுக்குப் பொரி புரையேறியது. அவன் இருமி இருமிச் சிரித்ததில் ஷெட்டே சேர்ந்துகொண்டது.

"சொல்லுப்பா கஜபதி, கொயந்த கேக்குதில்ல?" என்றார் திருவேங்கடம்.

கஜபதியின் முகம் சுண்டிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தாமே, புடி," என்று பிள்ளையை அவளிடம் நீட்டினான்.

வேம்புலிக்கு அவசரமே இல்லை. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, குங்குமம் வைத்த எண்ணெய்க் கேனை எடுத்தாள். அடியில் ஒரு அமுக்கு. இன்னொரு அமுக்கு. உள்ளங்கை நிறைய ஊற்றி, சோப்புப் போடுகிறவள் போல முழங்கை வரை நிதானமாகத் தேய்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"கையெல்லாம் ஆயிலு மாமா. கொயந்தைக்கு ஆவாது."

பதின்மூன்று மாதமாக எரிந்துகொண்டிருந்த வயிறு அந்த நிமிஷம் குளிர்ந்தது.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டால், லைன் வீட்டில் எல்லாத் தாய்மாரும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "ஆரு வந்துகீறாங்க? நைனா வந்துகீறாரு!" என்று கொஞ்சுவார்கள். வேம்புலியும் கொஞ்சினாள். இந்த ஆறு மாதமும், ஒரு நாள் விடாமல், வாசற்படியில் நின்று அவனைக் காட்டி "ஆரு?" என்று கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பிள்ளைக்கு அந்தக் காய்ச்சல் வரும்வரை, முதல் ஒரு மாதம், மிச்சத்தை அவன் சொல்வான் என்று நிஜமாகவே காத்திருந்தாள். அவன் டிபன் கேரியரை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவான்.

ஷெட்டில், பிள்ளையை நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் கஜபதி நின்றான். குழந்தை அவன் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை அவனிடமே கேட்டது.