தட்டில் விழுந்த கோபம்

அந்த மூளை அறுவை சிகிச்சையில் நோயாளி விழித்திருந்து பேச வேண்டும். பேச்சு குழறினால் டாக்டர் கத்தியை நிறுத்திவிடுவார். முன்பே குடிக்கக் கொடுத்த மருந்தால், நீல விளக்கில் மூளையிலிருந்த கட்டி மட்டும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது.

படுத்திருந்த பஸ் கண்டக்டர் தன் அண்ணனைத் திட்டித் தீர்த்தார். "நான் சாகக் கிடக்கேன், அவன் எட்டிக்கூடப் பாக்கல! கூடப் பொறந்தவனா அவன்?"

"நல்லாத் திட்டுங்க. நீங்க பேச்சை நிறுத்தினாத்தான் எனக்குப் பயம்," என்றார் டாக்டர்.

ஒளிர்ந்த கட்டி முழுவதையும் டாக்டர் வெட்டியெடுத்துத் தட்டில் போட்டார். திட்டு சட்டென்று நின்றது.

"கண்டக்டர்! பேசுங்க!" டாக்டர் பதறினார்.

"பேசறேனே டாக்டர். அண்ணனை வரச் சொல்லுங்க, பாவம்," என்று கண்டக்டர் சிரித்தார்.

டாக்டர் நிம்மதியாக நீல விளக்கை அணைத்தார். தட்டில் கிடந்த கட்டி மட்டும் அணையவில்லை.

"வரட்டும், வச்சுக்கறேன்!" என்றது அது, கண்டக்டரின் குரலில்.