ஸ்பூனுக்கு ஓய்வில்லை

பால்கனியில் தயிர் டப்பாவுக்குள் ஒரு மிளகாய் நாற்று வாடி நின்றது. பக்கத்தில் மண் கிளறும் பழைய ஸ்பூன் கிடந்தது.

"நேத்து புளிச்ச மோர் ஊத்தினாங்க. இன்னிக்குக் காலையில வேப்பெண்ணெய். வெயில் போதலைன்னு இந்தப் பக்கம் வெச்சாங்க, வெயில் அதிகம்னு அந்தப் பக்கம் வெச்சாங்க. கொஞ்சம் நிக்க விட்டா ஒரு இலையாவது விடுவேன்," என்றது நாற்று.

"வனஜாம்மா உன்மேல உசிரையே வெச்சிருக்காங்க," என்றது ஸ்பூன். "வேர் அழுகியிருக்கும்னு போன்ல யாரோ சொன்னாங்களாம். அதை நினைச்சுத் தூங்கவே இல்ல."

அதற்குள் வனஜா வந்து, ஸ்பூனால் நாற்றை அலுங்காமல் தோண்டி எடுத்துப் பார்த்தாள். வேர் வெள்ளையாகத்தான் இருந்தது. திரும்ப நட்டாள்.

"நேத்தும் இதையேதான் பார்த்தாங்க," என்று முனகிய நாற்று, மறுநாள் எழுந்திருக்கவில்லை.

காய்ந்த நாற்றைக் கொட்டப் போன வனஜா, வாஷிங் மெஷின் ஓரத்தில், எப்போதோ சிந்திய விதையில் முளைத்த மிளகாய்ச் செடி ஒன்று பூத்திருப்பதைக் கண்டாள்.

"அடடா, இத்தனை நாள் உன்னை யாருமே கவனிக்கலையே," என்றவள், அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தாள்.

"என்ன தேடுறாங்க?" என்று கேட்டது செடி.

"என்னைத்தான்," என்றது ஸ்பூன்.