ஆறு எண்கள்

ஓடிபி அவள் போனுக்கே வந்து விழுந்தது.

இவ்வளவுதானா என்று ஆதிலட்சுமிக்கு ஆகிவிட்டது. மதியம் லாஸ்பேட்டை படிப்பு மையத்துக்குப் போய், பதிவில் இருந்த புருஷன் நெடுமாறனின் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்தபோது அவளிடம் போன் இல்லை. நெடுமாறன் நம்பரைத்தான் கொடுத்தாள். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நேர்வகுப்பு. போய் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பிறகு எல்லாம் ஆப்பில் என்றார்கள். வீட்டிலிருந்தே படிக்கலாமாம், ரொம்ப வசதியாம். யாருக்கு வசதி? ஒவ்வொரு வகுப்புக்கும் புருஷன் போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் உள்ளே விடும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரியோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று அவன் கேட்ட அன்றே பையைத் தூக்கிக்கொண்டு நெல்லித்தோப்பில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து என்ன பிரயோஜனம்? மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று, கால் கடுக்க வீடு திரும்பி, மானத்தை விட்டு அவனுக்குத்தான் போன் செய்ய வேண்டும். ஓட்டும் டெம்போவின் இரைச்சலுக்கு நடுவே அவன் ஆறு எண்களைச் சொல்லுவான். உடனே வைத்துவிடுவான். சாப்பிட்டாயா என்று அவனும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

இன்று அந்தத் தொல்லை விட்டது. எண்களைப் போட்டாள். வகுப்பு திறந்தது. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அலுப்புதான் வந்தது.

வழக்கமாக அவள் அவனைக் கூப்பிடும் நேரம் தாண்டியிருந்தது. போன் அடித்தது. நெடுமாறன். அவள் வீட்டைவிட்டு வந்தபிறகு அவனாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

“ஓடிபி வந்துருக்கு, எழுதிக்க” என்றவன், அவள் வாய் திறப்பதற்குள் ஆறு எண்களைச் சொல்லி முடித்தான்.

புத்தக ஓரத்தில் கை தன்பாட்டில் எழுதிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அவன் போனுக்கு எப்படி வரும்? மையத்தில் சரியாக மாற்றவில்லையோ?

டெம்போ சத்தமே கேட்கவில்லை. வண்டியை எங்கேயோ ஓரங்கட்டியிருந்தான். வழக்கம்போல வைக்கவும் இல்லை.

“சரியா காதுல விழல. மறுபடி சொல்லுங்க” என்றாள்.

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொன்னான்.

முதலில் சொன்ன ஆறு வேறு, இந்த ஆறு வேறு.

ஆதிலட்சுமி அதையும் எழுதிக்கொண்டாள்.