குண்டின் அடியில் நீலம்

மதியம்தான், ஆனாலும் கல்கத்தாவின் கிதிர்பூர்த் துறைக்குக் கீழே ஹூக்ளி ஆறு சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்ட சர்வே லாஞ்சின் விலாவில் தண்ணீர் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரின் தாளில் ஒரு மேடு விழுந்திருக்கிறது. அது மணல் திட்டா, நேற்று கலியனோடு மூழ்கிய படகா என்று அந்த மெஷினுக்குச் சொல்லத் தெரியாது. அதனால் சர்வேயர் முருகானந்தம் பெட்டியிலிருந்து பழைய ஈயக்குண்டை எடுத்து, அதன் அடிக்குழியில் கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்குகிறார். ஆற்றின் தரையில் எது இருக்கிறதோ அது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கலியனின் மனைவி நீலாவதி லாஞ்சின் ஓரக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். குண்டு தரையைத் தொட, கயிறு தளர்கிறது. “ஆழம் நாலு பாகம்,” என்று அவர் உரக்கச் சொல்ல, அவருடைய உதவியாளர் மண்டல் பாபு நோட்டில் எழுதுகிறார். ஆழத்தைச் சொன்ன வாயால் அடியில் என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும், அதுதான் வழக்கம். பென்சில் காத்திருக்கிறது. சொட்டச் சொட்ட மேலே வந்த குண்டை முருகானந்தம் திருப்பிப் பார்க்கிறார். கொழுப்பில் நகம் அளவுக்கு ஒரு நீலப் பெயிண்ட் சில்லு. அதன்மேல் பெருவிரலை வைத்துக்கொள்கிறார். “மணல்,” என்கிறார். பென்சில் எழுதுகிறது. நீலாவதி பக்கத்தில் வந்து, அவர் விரலை மெதுவாக விலக்குகிறாள். வெகுநேரம் பார்க்கிறாள். “விஸ்வகர்மா பூஜைக்கு எங்க படகுக்கு நான் பூசின பெயிண்ட், அண்ணே. மணல்னு எழுதினதை அழிக்கச் சொல்லுங்க.”