பத்து மணித் திறப்பு விழா

அன்பர்களே, ஓடிவந்து இந்த அநியாயத்தைப் பாருங்கள்! ஏழாண்டுகள் மனுமேல் மனு எழுதி, மொரப்பூருக்கு அருகே தம் ஊருக்குத் தானியங்கி ரயில்வே கேட் வாங்கித் தந்தவர் சென்றாயன். அதைத் திறந்துவைக்க வேண்டிய அதிகாரியோ, அவரை ஒன்றரை மணி நேரமாக வெயிலில் காக்க வைத்திருக்கிறார்!

கூட்டம் கலையத் தொடங்கியது. மானம் கப்பலேறுவதைச் சென்றாயனால் பொறுக்க முடியவில்லை. ஒலிபெருக்கியைப் பற்றினார்.

"எங்க உயிருன்னா அவ்வளவு இளப்பமாங்க?"

"அண்ணா, ஒரு நிமிசங்க" என்றார் கேட் கீப்பர் மலர்விழி.

"இரும்மா! பேசிட்டிருக்கேன்ல?"

"கேட்டைப் பத்தித்தாங்க..."

"நானும் கேட்டைப் பத்தித்தான் பேசறேன்!"

அப்போது தண்டவாளத்தோரமாக, சட்டை நனைந்த ஒருவர் மூச்சிரைக்க நடந்து வந்தார். அதிகாரியேதான்!

"பத்து மணின்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணலாமுங்களா?" என்று பாய்ந்தார் சென்றாயன்.

"ஒன்பதரைக்கே வந்துட்டேங்க. நான் வந்த ரயிலுதான் சிக்னல் விழாம அவுட்டர்லயே நிக்குது. கேட் இறங்கிப் பூட்டினாத்தான் இனிமே சிக்னல் விழும். புதுக் கருவியோட அருமையே அதுதானுங்க!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உயர்ந்து நின்ற கேட்டின் இரு கம்பங்களும் வாழைமரங்களோடும் மாவிலைத் தோரணத்தோடும் நைலான் கயிற்றால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. காலையில் மங்கலமாக ஏழு முடிச்சுப் போட்டவர் சாட்சாத் சென்றாயன்!

"இதைத்தாங்கண்ணா அப்போருந்து கத்தறேன்!" என்றார் மலர்விழி. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, சென்றாயனும் சிரித்துவிட்டார்.

தோழர்களே, சிரித்தது போதும்! ரயில் நிறைய மக்கள் காத்திருக்கிறார்கள். உயிர் காக்கும் கருவிக்கு அலங்காரம் எதற்கு? அரிவாள் வைத்திருப்போர் ஓடி வாருங்கள். அறுத்தெறியுங்கள் அந்தக் கயிற்றை!