மூச்சு விடும் எழுத்து

“அண்ணே, அந்த பேனரை இன்னிக்கே இறக்கணும். நாளைக்குக் காலைல எங்க காலேஜ் பஸ் வருது. என் மானமே போயிடும்!”

ஃப்ளெக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னான் கௌதமன். கடைக்காரர் தமிழரசன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எந்த பேனருப்பா?”

“உப்பளத்து பஸ் ஸ்டாப்புல எங்க அத்தை வச்சிருக்குதே, அந்த வாழ்த்து பேனர்.”

“அதுக்கு என்னா கேடு? ஞானாம்பா அக்கா என் பக்கத்துலயே உக்காந்து, புலி வை, விமானம் வை, ரோஜாப்பூ வைன்னு ஆசை ஆசையா அடிச்சது.”

“அதான்ணே கேடு. அஞ்சு ஃபாண்ட் இருக்குது. பச்சை மேல சிவப்பு. எழுத்துக்கு நெருப்பு, நெருப்புக்கு நிழல். எல்லா எழுத்தும் டவுன் பஸ்ல வர்ற மாதிரி இடிச்சிக்கிட்டு நிக்குது. மூச்சு விட இடம் வேணாமா?”

“எழுத்து எதுக்குப்பா மூச்சு விடணும்?”

கௌதமன் பரிதாபப்பட்டுச் சிரித்தான். இந்த மனிதருக்கு எங்கே ஆரம்பித்து விளக்குவது?

அவன் புதுச்சேரியில் டிசைன் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமும் எழுத்தைப் பற்றிய பாடம்தான். அதற்குள்ளாகவே நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. கடையின் விலைப்பலகையில் இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டால் டீ தொண்டையில் இறங்க மறுத்தது. ஹோட்டலில் மெனு கார்டைத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி ஆராய்ந்து, சப்ளையரிடம் திட்டு வாங்கியிருக்கிறான். இது கொஞ்சம் ஓவர் என்று அவனுக்கே தெரியும். ஆனால் புதுச் செருப்பு வாங்கியவன் கால் பார்த்துத்தானே நடப்பான்? இதே பேனரைக் கட்டிய அன்று வாயைப் பிளந்து, “செம மாஸ்!” என்றவனும் அவனேதான்.

இப்போது சகாயமேரி மேடம் மொத்த வகுப்பையும் மரக்காணத்துக்கு அழைத்து வருகிறார், உப்பு லாரிகளில் கையால் எழுதிய எழுத்துகளைப் பார்க்க. “எங்க ஊரு ஆளுங்களுக்கு எழுத்துன்னா உயிர் மேடம்” என்று வகுப்பில் அளந்துவிட்டது கௌதமன்தான். பஸ் நிற்கப்போவது அந்த பேனருக்கு எதிரில்.

“புதுசா ஒண்ணு அடிச்சு அதே எடத்துல கட்டுங்கண்ணே. டிசைன் நானே பண்றேன்.”

“உங்க அத்தை கேட்டா?”

“நான் பேசிக்கறேன்.”

சொல்லிவிட்டானே தவிர, அத்தையிடம் பேசும் தைரியம் இல்லை. அதனால்தான் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் காலேஜிலிருந்து நேரே கடைக்கு வந்திருந்தான். மவுஸைப் பிடித்தான். புலி போனது, விமானம் போனது, நெருப்பு அணைந்தது. பேனர் முழுக்க வெள்ளை. மேல் பாதியைக் காலியாக விட்டான். கீழே போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி வைத்து, அதன் அடியில் பெயரைக் கறுப்பில், ஒரே ஃபாண்டில் போட்டான். முக்கியமானது பெரிதாக, மற்றது சிறிதாக என்பது மேடம் சொன்ன பாடம். எனவே வாழ்த்து வரிகளை எறும்பு அளவுக்குச் சுருக்கி, வெளிறிய சாம்பல் நிறத்தில் மூலையில் ஒதுக்கினான்.

தமிழரசன் எட்டிப் பார்த்து மூக்கைச் சொறிந்தார்.

“ஏம்பா, என்னமோ மாதிரி இருக்குதே. இந்த மாதிரி நாங்க எதுக்கு அடிப்போம்னா...”

“நீங்க பழைய ஆளுண்ணே. இது பேருதான் கிளாஸ்!”

“என்னமோ போ. இதைக் கட்டிட்டு நான் திண்டிவனம் கிளம்புறேன். அங்க ஒரு கல்யாண வேலை இருக்குது.”

கௌதமன் ஹாஸ்டலுக்குத் திரும்பினான். விடிந்ததும் பேனரைப் பார்த்துவிட்டு அத்தை போனில் கத்துவாள் என்று போனையும் அணைத்து வைத்தான்.

மறுநாள் காலை பஸ் மரக்காணத்தை நெருங்கியது. உப்பு வாரும் நேரம், ஆனால் பாத்திகளில் ஓர் ஆள் இல்லை. அத்தனை பேரும் பஸ் ஸ்டாப்பில், பேனருக்கு முன்னால் நின்றார்கள். கௌதமனுக்கு நெஞ்சு விம்மியது. ஒரு டிசைனைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு இத்தனை கூட்டமா!

கூட்டத்துக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்த பாதியை மேடம் ஜன்னல் வழியே பார்த்தார்.

“வெரி குட்! காலி இடத்தை என்ன அழகா விட்டிருக்காங்க. யார் பண்ணது?”

“நான்தான் மேடம்” என்று கூச்சத்தோடு கையைத் தூக்கினான்.

பஸ் கதவு திறந்ததும் ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்டது. மேடம் பதறி இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே கௌதமனும் இறங்கினான்.

“என்னங்க ஆச்சு?” என்று ஓரமாக நின்றவரிடம் கேட்டார் மேடம்.

உப்பள மேஸ்திரி கொளஞ்சி தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“நம்ம ஞானாம்பா வளத்த புள்ளைம்மா. டிசைன் படிக்கப் போறான்னு இதே எடத்துல வாழ்த்து பேனர் வச்சு மூணு வாரம்தான் ஆவுது. இன்னிக்குக் காலைல பாத்தா, அதே புள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்குது. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருதும்மா...”

பேனருக்கு மாலை போடப் போன அத்தை, படத்தில் இருந்த அதே முகம் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும், குனிந்து செருப்பைக் கழற்றினாள்.